வாக்குச் சீட்டும் வரவு செலவுக் கணக்கும்



குடியாட்சியின் பெருமையைப் பேசப் புகுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகக் கூறுகிறது. ஆனால் மேடைப் பேச்சாளர் பலர் அக்கல்வெட்டின் ஒரு பகுதியைச் சற்று மெல்லிய குரலில் கூறிவிட்டு நகர்ந்து விடுவார்கள். குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியுடையவன் யார்? கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் உடையவன். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டவன். நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் புகாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்றும் அதே கல்வெட்டு விதிக்கிறது.

சொத்து இருப்பவனுக்கே இடம், கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்னும் இவ்விரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் விதியை ஒழிக்க நம் பகுதி மக்கள் ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகள் பாடுபட்டார்கள். இரண்டாவது விதியை நாம் இன்னும் சரிவர நிலைநாட்டவில்லை. அதனால் முதல் விதி வேறோர் உருவத்தில் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

நான் திற்பரப்பைச் சேர்ந்தவன். கோதையாறு பாறையில் பரந்து விழும் அருவியையும், அதன் கரையில் உள்ள மகாதேவர் கோயிலையும் சுற்றுலா வந்த உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்றே அழைத்துவிடுகிறோம். ஆயினும் கண்டிப்பாகப் பார்த்தால் தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களின் நெல்வயல் நாடே நாஞ்சில் நாடு. எங்கள் ஊர் பழைய கல்குளம் தாலுகாவின் மலையோரப் பகுதி. வயலைவிட விளைகளும், பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் மிகுந்த இடம். 1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை இப்பகுதி முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்திலும் இருந்தது. ஆகவே எங்கள் முன்னோருக்கு வாக்குரிமை வந்த கதை, சென்னை மாகாணத்தாரின் கதையினின்றும் வேறானது.

இந்திய சமஸ்தானங்களிலேயே முதன்முதலாகச் சட்டமியற்றும் சபை ஒன்றை ஏற்படுத்தியது திருவிதாங்கூர். ஆண்டு 1888, அரசர் ஸ்ரீ மூலம் திருநாள். அச்சபையில் 8 பேர். அவர்களில் 6 பேர் சர்க்கார் அதிகாரிகள், 2 பேர் மட்டுமே வெளியார். அந்த இருவரும் நியமிக்கப்பட்டவர்களே. பின்னர் 1904 இல் ஸ்ரீ மூலம் பிரஜா சபை என்ற பெயரில் 100 உறுப்பினர் கொண்ட சபை திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் கூடிற்று. அச்சபைக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் கிடையாது. ஆண்டுக்கொரு முறை கூடி, குறைகளைத் திவானிடம் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. முதல் ஆண்டில் நிலக்கிழார்கள், வணிகர்களிலிருந்து அதிகாரிகளே உறுப்பினர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 1905 மே 1 இல் வந்த புதிய விதிகள் 77 பேர் தேர்தலிலும் 23 பேர் நியமனத்திலும் வரலாம் என்றன.

வாக்களிக்கத் தக்கவர் யார் என்பதை அவ்விதிகள் மூன்று வகையாகக் கூறின. ஆண்டொன்றுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி செலுத்துவோர். ஆண்டு நிகர வருமானம் 2,000 ரூபாய்க்குக் குறையாதோர். பட்டம் பெற்று 10 ஆண்டுகள் ஆகி, அந்தத் தாலுகாவில் குடியிருப்போர். 1901 கணக்கெடுப்பின்படி சமஸ்தானத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 29 1/2 லட்சம். அவர்களுள் இந்த மூன்று வாயில்களுள் ஒன்றில் நுழையக் கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து முதியோர் நிலவரியைக் 'கரம்' என்பார்கள். கரம் தீர்த்த ரசீதைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். ஆனால் கரம் தீர்ப்பவன் பட்டாதாரன். மண்ணைக் கொத்துபவன் பெரும்பாலும் வேறொருவன். என் பாட்டனார் பிறருடைய விளையில் பாட்டத்துக்கு மரச்சீனி நட்டவர். நிலத்தின் விளைவில் ஒரு பங்கைப் பாட்டமாக அளந்தார். நிலவுடைமையாளர் அதிலிருந்து கரம் கட்டினார். கரம் கட்டியவர் என்ற முறையில் வாக்குரிமை நிலவுடைமையாளருக்குப் போயிற்று. பணம் புறப்பட்டது என் பாட்டனாரின் மண்வெட்டியிலிருந்துதான். ரசீதில் அவர் பெயர் இல்லை, ஆகவே வாக்காளர் பட்டியலிலும் இல்லை.

இந்த ஏற்பாட்டை அன்று ஆதரித்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வரி கொடுப்பவனுக்குத்தான் சர்க்காரின் செலவில் அக்கறை இருக்கும் என்றும், ஏழைக்கு வாக்குக் கொடுத்தால் செல்வர் அதை விலைக்கு வாங்கி விடுவர் என்றும் அவர்கள் வாதாடினார்கள். இங்கிலாந்திலும் இதே வாதந்தான் நெடுங்காலம் நடந்தது. 1838 இல் அங்குள்ள தொழிலாளர் இயக்கத்தினர் தங்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகளை வைத்தனர். எல்லா ஆண்களுக்கும் வாக்கு, மறைவாக வாக்களித்தல், உறுப்பினராவதற்குச் சொத்து நிபந்தனை கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்பன அவற்றுட் சில. சம்பளம் 1911 இல் தான் வந்தது. ஆண், பெண் அனைவர்க்கும் சம வாக்குரிமை வந்தது 1928 இல். 'ஏழையின் வாக்கு விலைபோகும்' என்ற அந்தப் பழைய வாதத்தை மட்டும் மறவாதீர்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

வாக்கு இல்லாதவர்களின் குரல் சபையில் எவ்வாறு ஒலித்தது? சர்க்கார் மனம் வைத்து ஒருவரை நியமித்தால் ஒலிக்கும். அவ்வாறு ஒலித்த குரல்களுள் தலையாயது அய்யன்காளியுடையது. புலையர் குலத்தில் பிறந்து, எழுத்தறிவு பெற வாய்ப்பு மறுக்கப்பட்டு, பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்று உரிமையை நிலைநாட்டிய அப்பெரியார் 1911 இல் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். 1912 பிப்ரவரியில் சபையில் தம் முதல் உரையை ஆற்றினார். அவர் கேட்டது தம் மக்களுக்குப் புதுவல் நிலம். சர்க்காரின் தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிடக் கொடுப்பதைப் புதுவல் என்பார்கள். பள்ளிக்கூடங்களில் தம் குழந்தைகளைச் சேர்க்க வேண்டுமென்றும் அச்சபையில் அவர் திரும்பத் திரும்ப முறையிட்டார்.

சற்றே சிந்தியுங்கள். நிலம் இருந்தால்தான் வாக்கு. வாக்கு இருந்தால்தான் நிலம் கேட்க ஆள். இந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்காக அவர் நிலம் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அச்சபையில் இருந்தார். ஆயினும் அவரை அங்கே அனுப்பியது அவருடைய மக்கள் அல்லர், சர்க்கார். அவர் எவ்வளவு துணிவோடு பேசினாலும் விண்ணப்பதாரராகவே பேச வேண்டியிருந்தது. 'கொடுங்கள்' என்று கேட்பதற்கும், 'கொடாவிட்டால் அடுத்த தேர்தலில் காண்போம்' என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு பெரிது!

1932 இல் சமஸ்தானத்துக்கு ஈரவைச் சபை வந்தது. கீழவை 72 பேர், மேலவை 37 பேர். சொத்து நிபந்தனை மட்டும் போகவில்லை. நிலவரியை அடிப்படையாகக் கொண்ட வாக்குரிமையால் நிலம் மிகுந்த சமூகத்தாரே இடங்களைப் பெறுவர் என்று ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தாரும் எதிர்த்தனர். கூட்டு அரசியல் காங்கிரஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தித் தேர்தலைப் புறக்கணித்தனர். காந்தியடிகளின் ஒத்துழையாமையோடு சேர்த்து நினைத்துச் சர்க்கார் நசுக்கிவிடாதிருக்க, ஐ.சி. சாக்கோ என்னும் வடமொழிப் புலவர் அதற்கு 'நிவர்த்தனம்' என்று புதிய பெயர் இட்டார். பெயரை மாற்றிக்கொண்டும் தொல்லை தீரவில்லை. 1935 இல் கோழஞ்சேரியில் பேசிய பேச்சுக்காக சி. கேசவன் சிறை சென்றார். அதே ஆண்டில் அரசுப் பணி நியமனங்களைக் கவனிக்கத் தனி ஆணையர் ஒருவர் நியமிக்கப்பட்டார். தொடர்ந்து வாக்குரிமையும் விரிந்தது. சிறை சென்ற கேசவன் 1951 இல் திருவிதாங்கூர் கொச்சியின் முதலமைச்சரானார்.

1946 இல் திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் ஒரு விசித்திரமான திட்டத்தை முன்வைத்தார். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு உண்டு. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுக்கும் சபையால் திவானை அகற்ற முடியாது. வாக்கைக் கொடுத்துவிட்டு, வாக்கின் பயனை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மக்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே சர் சி.பி. பதவியை விட்டுச் சென்றார். 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையின்படி திருவிதாங்கூரில் முதல் தேர்தல் நடந்தது. 120 பேர் கொண்ட அச்சபையில், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பெற்றது. என் தந்தையார் அத்தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். 1905 இலிருந்து எண்ணிப் பாருங்கள். முன்னர் நான் சொன்ன நாற்பத்து மூன்று ஆண்டுகள் இவைதாம். வாக்குச்சாவடிக்குப் போகும்போது கரம் தீர்த்த ரசீது வேண்டுமா என்று பாட்டனார் கேட்டாராம். வேண்டாம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை என்று தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறகு நடந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1951-52 இல் இந்தியா முழுவதும் முதற் பொதுத்தேர்தல். வாக்காளர் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம். 1954 இல் எங்கள் பகுதியில் இணைப்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும். 1956 இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1989 இல் வாக்களிக்கும் வயது 21 இலிருந்து 18 ஆயிற்று. கல்லூரியில் பயிலும் உங்களிற் பெரும்பாலோர் வாக்காளர்களாக இருப்பது இத்திருத்தத்தினால்தான்.

ஆக, சொத்துத் தகுதி சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிவிட்டது. வாழ்க்கையிலிருந்து நீங்கிற்றா?

வாக்களிக்கும் உரிமை வேறு, தேர்தலில் நிற்கும் உரிமை வேறு. திற்பரப்பில் விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகும் தொழிலாளிக்கு வாக்கு உண்டு. ஆனால் அவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்க நினைத்தால் என்ன ஆகும்? வைப்புத்தொகை 10,000 ரூபாய். 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 250 ரூபாயாக இருந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்குப் பாதித் தொகை. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது திரும்பாது. இதைக்கூடப் பலரிடம் திரட்டிக் கட்டிவிடலாம். தடையாக நிற்பது பிரசாரச் செலவு.

சட்டம் இதை முன்பே உணர்ந்திருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒவ்வொரு வேட்பாளரும் தம் தேர்தல் செலவுக்கு முறையான கணக்கு வைக்க வேண்டும் என்கிறது. முடிவு வெளியான 30 நாளுக்குள் அதை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தக்க காரணமின்றி ஒப்படைக்காதவரைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுக் காலம் தகுதி நீக்கம் செய்யலாம். உத்தரமேரூர் விதி நினைவுக்கு வருகிறதா? செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. முதற் பொதுத்தேர்தலில் மக்களவைத் தொகுதிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 25,000 ரூபாய். 2022 இல் அது பெரிய மாநிலங்களில் 95 லட்சமாகவும், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது.

உச்சவரம்பு என்பது சட்டமியற்றியோர் இட்ட சமன்கோல். செல்வரும் எளியவரும் ஓரளவேனும் ஒரே தளத்தில் நின்று போட்டியிட வேண்டும் என்பதே அதன் கருத்து. இங்கிலாந்தில் 1883 இலேயே இத்தகைய வரம்பு வந்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் அந்தச் சமன்கோலின் நடுவே ஓர் ஓட்டை விழுந்த கதையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

1971 மக்களவைத் தேர்தலில் டெல்லியின் சதர் தொகுதியில் தோற்ற கன்வர்லால் குப்தா, வென்ற அமர்நாத் சாவ்லாவின் மீது வழக்குத் தொடுத்தார். வேட்பாளர் காட்டிய கணக்கு வரம்புக்குள் இருந்தது. ஆனால் அவருக்காகக் கட்சி செய்த செலவு அதில் சேர்க்கப்படவில்லை. 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளர் அறிந்து, ஏற்றுக்கொண்டு, கட்சி அவருக்காகச் செலவிட்டால் அதுவும் அவருடைய கணக்கிலேயே சேரும். இல்லையெனில் வரம்பு என்பது வெறும் பெயரளவாகிவிடும் என்பது தீர்ப்பின் சாரம். எளியவனுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பதை அத்தீர்ப்பு விரித்துரைக்கிறது. சட்டம் பயிலப் போகிறவர்கள் தேடிப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

அதே அக்டோபர் மாதத்திலேயே அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளர் செலவாகக் கருதப்படமாட்டாது என்று 77 ஆம் பிரிவில் ஒரு 'விளக்கம்' சேர்க்கப்பட்டது. பின்னர் நாடாளுமன்றமும் அதை நிறைவேற்றியது. 1985 இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. பள்ளியில் ஒரு மாணவன் தேர்வில் தோற்றவுடன், தேர்ச்சி மதிப்பெண்ணையே மாற்றிவிடும் தலைமையாசிரியரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? 2003 இல் அந்த ஓட்டை ஓரளவு அடைக்கப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற கட்சியின் 40 தலைவர்கள் வரை கட்சிப் பிரசாரத்துக்காகச் செய்யும் பயணச் செலவு போன்றவை மட்டுமே விலக்குப் பெறும். ஆயினும் கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு நம் நாட்டில் வரம்பே கிடையாது. வேட்பாளருக்கு வரம்பு, கட்சிக்கு வரம்பின்மை. இங்கிலாந்து 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்சியின் செலவுக்கும் வரம்பு கட்டியது.

இனி, யாவரும் அறிந்ததும் யாவரும் தாழ்ந்த குரலில் பேசுவதுமான செய்திக்கு வருகிறேன். வாக்காளருக்குப் பணம் கொடுத்த காரணத்தால் 2016 இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகளின் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் நிறுத்தப்பட்டது. 2019 இல் வேலூர் மக்களவைத் தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னதாக நிறுத்தப்பட்டு, ஆகஸ்டு 5 ஆம் நாள் நடந்தது. இந்தக் காரணத்துக்காக மக்களவைத் தொகுதி ஒன்றின் தேர்தலே நிறுத்தப்பட்டது அதுவே முதன்முறை. முதல் என்னும் பெருமை தமிழ்நாட்டுக்கு வேறு எதிலாவது வந்திருக்கலாம்.

கணக்காசிரியன் என்ற பழக்கத்தினால் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர் ஏறத்தாழ 6 கோடியே 28 லட்சம், தொகுதிகள் 234. சராசரியாகத் தொகுதிக்கு 2 லட்சத்து 68 ஆயிரம் பேர். இன்றைய உச்சவரம்பாகிய 40 லட்சத்தை இவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 15 ரூபாய். அதற்குள் துண்டறிக்கை, ஒலிபெருக்கி, வண்டி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். மாறாக, ஒரு வேட்பாளர் ஒரு லட்சம் பேருக்குத் தலைக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 10 கோடி. சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 2017 இல் 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டுக்கு, அதாவது 60 மாதத்துக்கு, 63 லட்சம். மீதி 9 கோடியே 37 லட்சம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவனும் கேட்பான். பாலம் கட்டும் ஒப்பந்தத்திலிருந்தும், பாறை உடைக்கும் உரிமத்திலிருந்தும், பணி நியமனத்திலிருந்தும் வரும் என்பதை அவனுக்கு விளக்க நமக்குத்தான் நா எழுவதில்லை.

வாங்குபவரை வைது பேசுவது எளிது. பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம்; ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது. அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் மழைக்காலத்தில் பல நாள் தொடர்ந்து பால்வெட்டு நின்றுவிடும். அன்றாடக் கூலியும் ஒட்டுப்பால் விற்ற சில்லறையும் இல்லாத வீட்டில் 1,000 ரூபாய் என்பது அரிசியும் மருந்தும் ஆகும். சொத்துத் தகுதியை ஆதரித்தவர்கள் அன்று சொன்னார்களே, ஏழையின் வாக்கு விலைபோகும் என்று, அதை இன்று சிலர் 'அப்போதே சொன்னார்கள்' என்று பெருமூச்சுடன் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விலை பேசி வருபவன் ஏழை அல்லன். மேலும், தேர்தல் பணி பார்க்கும் ஆசிரியர் என்ற முறையில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். மறைப்புக்குள் நிற்பவர் எதை அழுத்துகிறார் என்பது பணம் கொடுத்தவருக்குத் தெரியவே தெரியாது. பணம் வாங்கியும் தம் மனம்போல் வாக்களிப்போர் உண்டு என்பதைக் கொடுப்பவர்களும் அறிவார்கள்.

அப்படியானால் ஏன் கொடுக்கிறார்கள்? மற்றவர் கொடுக்கிறார், நாம் கொடாவிட்டால் தோற்போம் என்ற அச்சம் ஒரு காரணம். ஆனால் மிகப் பெரிய தீங்கு வாக்குப்பதிவுக்கு நெடுநாள் முன்பே நடந்து முடிந்து விடுகிறது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, 'இவர் எவ்வளவு செலவு செய்யக் கூடியவர்?' என்ற கேள்வி எழுகிறதே, அங்கேதான் 1905 ஆம் ஆண்டின் 50 ரூபாய் நிபந்தனை பல லட்சம் மடங்கு பெருகி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பால்வெட்டுத் தொழிலாளி, மீன்பிடிப்பவர், முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண், ஊராட்சிப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆகியோர் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. நாம் சாவடிக்குப் போகும்போது, பொறுக்கி எடுக்கப்பட்டவர்களுள் ஒருவரைப் பொறுக்குகிறோம். 1904 இல் திவானின் அதிகாரிகள் செய்த வேலையை இன்று பணப்பெட்டி செய்கிறது.

கட்சிகளுக்கு அப்பணம் எங்கிருந்து வருகிறது என்பது தனியே ஒரு பேச்சுக்கு உரியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2018 இல் தேர்தல் நன்கொடைப் பத்திரம் என்றொரு முறை வந்தது. கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அது அரசமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தார்கள். வாக்காளனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுப்பதன் அபாயத்தை 1957 இலேயே பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா ஒரு தீர்ப்பில் எச்சரித்திருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எளியவர் நின்று வெல்லக்கூடிய இடம் ஒன்று இன்னும் இருக்கிறது. அது உள்ளாட்சி. திற்பரப்பு ஒரு பேரூராட்சி. ஒரு வார்டு என்பது காலையில் நடக்கத் தொடங்கினால் மாலைக்குள் எல்லா வீட்டு வாசலையும் மிதித்துவிடக் கூடிய அளவு. இங்கே ஒலிபெருக்கியும் வாகன வரிசையும் தேவையில்லை. முகம் தெரிந்தால் போதும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. இத்தகைய மன்றத்தை நாம் எவ்வாறு பேணினோம்? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 இல் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்கள் ஆட்சி செய்தார்கள். ஒரு முழுப் பதவிக்காலமே காணாமற் போயிற்று. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலுவலக வாசலில் நின்றோம், அய்யன்காளி காலத்து மனுதாரரைப் போல.

செலவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், சில உண்டு. 1998 இல் இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு, தேர்தல் செலவில் ஒரு பகுதியை அரசே பொருளாகக் கொடுத்து ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றது. அவ்வாண்டிலேயே அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்கும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. கோடி வைத்திருக்கும் கட்சியும் கொடிக்கம்பம் மட்டும் வைத்திருக்கும் கட்சியும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமரும் இடம் அது. சுயேச்சை வேட்பாளருக்கு அங்கும் இடமில்லை என்பது ஒரு குறை. மற்றவை பறக்கும் படை, செலவுப் பார்வையாளர், வேட்பாளர் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, தேர்தல் அலுவலர்களே தனியாக எழுதும் நிழல் பதிவேடு முதலியன. நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் கையில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்லும் காய்கறி வியாபாரி பிடிபடும் அளவுக்குப் பெரிய பெட்டிகள் பிடிபடுவதில்லை என்ற முணுமுணுப்பை எங்கள் ஊர்ச் சந்தையில் கேட்கலாம்.

மாணவ நண்பர்கள் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி என் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். வேட்பாளர் ஒப்படைத்த செலவுக் கணக்கு இரகசியம் அன்று. 1961 ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 88 ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அதை மாவட்டத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் பார்வையிடலாம். எங்கள் மாவட்டத்தாருக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது. நாலைந்து பேராகச் சேர்ந்து செல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடு கொண்டு போங்கள். தேநீர், நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி, வாடகை வண்டி ஆகியவற்றுக்கு இன்ன விலை என்று தேர்தலுக்கு முன்பே அதிகாரிகள் ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டிருப்பார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள். வேட்பாளர் காட்டும் தொகை பெரும்பாலும் உச்சவரம்புக்குக் கீழே, நெடுந்தூரம் கீழே, நிற்பதைக் காண்பீர்கள். பிறகு உங்கள் ஊரில் நீங்களே கண்ட கூட்டங்களின் எண்ணிக்கையையும், நாற்காலிகளின் எண்ணிக்கையையும், வண்டிகளின் எண்ணிக்கையையும் அந்தப் பட்டியல் விலையால் பெருக்கிப் பாருங்கள். வரும் விடையையும், பதிவேட்டில் உள்ள தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.